கடலை மறைத்த கடல்

மலையடிவார வாசலிலேயே ஸ்வேதாவின் பிஸ்கட் பாக்கெட்டை வாங்கி வைத்துக்கொண்டார் காவலர்.

"தேசியப் பூங்காவுக்குள்ளே பிளாஸ்டிக் மனா ஹை, பாப்பா. கொண்டுபோகக் கூடாது."

சட்டம் என்றால் சட்டம்தான். பிஸ்கட்டுகளைக் கைக்குட்டையில் கொட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள் ஸ்வேதா. சட்டைப் பையில் அம்மாவின் முகம் பார்க்கும் வட்டக் கண்ணாடி பத்திரமாக இருந்தது. இன்று அதுதான் முக்கியம்.

அம்மா நர்ஸ். கார் நிக்கோபார் தீவுக்கு மாற்றல் வந்துவிட்டது. கப்பல் கிளம்பும் நாளும் ஸ்வேதா படிக்கும் புரோத்ராபூர் பள்ளியின் மலைச் சுற்றுலாவும் ஒன்றாக வந்து தொலைத்தன.

"நீ மலைக்கே போ, கண்ணு," என்றாள் அம்மா. "துறைமுகத்துல நின்னா கப்பலோட சுவர்தான் தெரியும். உச்சியில நின்னா, கடலுக்குள்ள போறது முழுசாத் தெரியும். கண்ணாடியை வெயில்ல ஆட்டு. நான் மேல்தளத்துல நின்னு பார்ப்பேன்."

பஸ் உச்சியை அடைந்ததும் முதல் ஆளாக இறங்கி ஓடினாள் ஸ்வேதா. ஓடியவள் அப்படியே நின்றாள்.

கடலைக் காணோம்!

கடல் பார்க்கும் இடத்தின் கம்பி வேலி முழுவதையும் மறைத்து ஒரு ராட்சத பேனர் நின்றது. அதில் அச்சடித்த கடல், அச்சடித்த தீவு. அந்தத் தீவைவிடப் பெரிதாக ஒரு முகம், எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தது. மேலே, 'இயற்கையைக் கண்டு களிப்போம்! இயற்கை நேசர் சொக்கலிங்கம் அவர்களே, வருக!' என்று எழுதியிருந்தது. இரண்டு பக்கமும் அடர்ந்த காடு. சுற்றிப்போக வழியில்லை.

"அங்கிள், கடலைப் பார்க்கணும்," என்றாள் ஸ்வேதா.

விழா ஏற்பாட்டாளர் கணபதி பேனரைக் காட்டினார். "இதோ இருக்கே! நிஜக் கடலைவிட நீலமா அடிச்சிருக்கோம். மெயின்லாண்டுலேருந்து கடல் தாண்டி ஐயா வர்றார். ஓரமா நின்னு கை தட்டுங்க."

"பிளாஸ்டிக் கூடாதுன்னு என் பிஸ்கட் பாக்கெட்டை வாங்கிட்டாங்க. இது மட்டும் எப்படி வந்துச்சு?"

"இது பிளாஸ்டிக் இல்லம்மா. வரவேற்பு!"

"அப்போ என் சிப்ஸ் பாக்கெட்டும் வரவேற்புதான் அங்கிள்," என்றான் வகுப்புத் தோழன் யோகராஜ். விஜயலட்சுமி டீச்சர் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

ஸ்வேதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. காது சிவந்தது. கீழே துறைமுகத்தில் கப்பல் சங்கு ஊதியது. அம்மா கிளம்பிவிட்டாள்!

அப்போது கடல்காற்று ஒரு மோது மோதியது. பேனர் தொப்பை போல உப்பியது. ஒரு கம்பம் நாற்காலிகள் பக்கமாகச் சாய, இரண்டு தொழிலாளிகள் கயிற்றில் தொங்கினார்கள்.

"பகடோ! பகடோ!" என்று கணபதி குதித்தார். பிடிக்கத்தான் அவர்கள் படாதபாடு பட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அங்கிள், அந்த அண்ணன்கள் மேலேயே விழுந்துடும்!" என்று கத்தினாள் ஸ்வேதா. "காத்து போக வழி விடுங்க. கோயில் திருவிழாவுக்குப் பேனர் கட்டும்போது எங்க சித்தப்பா பிறை மாதிரி அங்கங்கே வெட்டி விடுவார்."

"பொண்ணு சொல்றது சரி, சாப்," என்றார் ஒரு தொழிலாளி. "நீங்க போட்ட ஜல்தி ஜல்தி அவசரத்துல வெட்டவே மறந்துட்டோம்."

"சரி, வெட்டித் தொலை! எங்கே வெட்டணும்?"

ஸ்வேதா தன் கண் உயரத்தைக் காட்டினாள். "இங்கே. வரிசையா. நிறைய."

"ஐயா முகத்துல மட்டும் வேண்டாம்!"

என்ன செய்வது? முகம் அவ்வளவு பெரிது. ஸ்வேதாவின் கண் உயரத்தில் ஐயாவின் வாய் இருந்தது. காற்றும் அங்கேதான் அதிகமாக முட்டியது.

சரக், சரக். காற்று உள்ளே புகுந்தது. கம்பம் நிமிர்ந்தது. அடுத்த நொடி, ஓர் ஓட்டைக்கு ஒரு தலை.

ஸ்வேதா ஐயாவின் வாய்க்குள் எட்டிப் பார்த்தாள். அடேயப்பா! இதுவல்லவா கடல்! நிஜத் தீவைத் தாண்டி வெள்ளைக் கப்பல் போய்க்கொண்டிருந்தது. கையை வெளியே நீட்டிக் கண்ணாடியை வெயிலில் ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

பின்னால் கார் வந்து நின்றது. சொக்கலிங்கம் கும்பிட்டபடி இறங்கினார். அவரை வரவேற்றவை பிள்ளைகளின் முதுகுகள் மட்டுமே.

"என் வாய்க்குள்ளே என்ன நடக்குது?" என்று அதட்டினார்.

ஸ்வேதா தலையை வெளியே எடுத்தாள். "இயற்கையைக் கண்டு களிக்கிறோம், ஐயா. பேனர்ல அப்படித்தானே எழுதியிருக்கு?"

சொக்கலிங்கம் பேனரைப் படித்தார். குனிந்து தன் வாய் வழியாகத் தானே பார்த்தார். வெகுநேரம் நிமிரவேயில்லை.

"இவ்வளவு அழகை ஏன்யா மறைச்சீங்க?"

"ஐயா, படம் பெரிசா இருக்கணும்னு நீங்கதான்..." என்று இழுத்தார் கணபதி.

டீச்சரின் போன் அடித்தது. அம்மா!

"பார்த்துட்டேன் கண்ணு! மலையில ஏதோ பளிச் பளிச்சுன்னு மின்னுச்சே, அது நீதானே?"

"நான்தாம்மா! ஐயாவோட பல்லுக்கு நடுவுல நின்னு ஆட்டினேன்!"

திரும்பும்போது வாசலில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கினாள் ஸ்வேதா.

"அண்ணா, மேலே இன்னொரு பாக்கெட்டை வாங்காம விட்டுட்டீங்க," என்றாள் காவலரிடம். "கொஞ்சம் பெரிசு. தூக்க ஆள் கூட்டிட்டுப் போங்க."