பானுவின் பட்டையில் சிவப்பு

ஏழாம் வகுப்பு மொத்தமும் கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஏதோ ஒரு கம்பெனியிலிருந்து வந்தவர்கள் ஆளுக்கொரு கைப்பட்டையை இடது மணிக்கட்டில் மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். மனம் அமைதியாக இருந்தால் அதில் பச்சை விளக்கு எரியும். கவலை, கோபம், பயம் எது வந்தாலும் சிவப்பு. அப்போது கண்ணை மூடி மெதுவாக மூச்சு விட்டால் பச்சை திரும்பிவிடும்.

பானுப்ரியாவுக்கு மட்டும் திரும்பவில்லை.

காலை வணக்கத்தில் சிவப்பு. கணக்குப் பாடத்தில் சிவப்பு. சாப்பாட்டு மணி அடித்தபோதும் சிவப்பு.

"இன்னா பானு, தயிர் சாதத்து மேலயும் கோவமா?" என்று கேட்டான் விஜயன்.

"எனக்கு யார் மேலயும் கோவம் இல்லடா!" என்று பானு கத்தினாள்.

"பாத்தியா, பாத்தியா! பட்டை பொய் சொல்லாது!"

வகுப்பே சிரித்தது. மறுநாளும் சிவப்புதான். கல்பனா டீச்சர் பானுவைத் தன் மேசைக்கு அழைத்தார்.

"வீட்டுல எதனா பிரச்சினையாம்மா?"

"இல்ல டீச்சர்."

"பின்ன ஏன் இப்படி எரியுது?"

"எல்லாரும் இதையே கேட்டுக்கினு இருக்காங்க டீச்சர். அதான் பிரச்சினை."

டீச்சர் நல்லவர். அதனால்தான் அந்த முடிவை எடுத்தார். "வெள்ளிக்கிழமை சென்னையில வினாடி வினா. மனசுல இவ்ளோ பாரத்தோட நீ வர வேணாம், ரெஸ்ட் எடு. விஜயன்கூட அலீஷா வரட்டும்."

பானு தன் இடத்தில் வந்து உட்கார்ந்து, புத்தகத்தைத் தலைகீழாகப் பிரித்து வைத்துக்கொண்டாள்.

பக்கத்தில் இருந்த அலீஷாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. போட்டிக்கு மாற்று ஆளாக அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். மாற்று ஆளுக்கு வேலையே வராது என்று நினைத்தாலும், உலக நாடுகளின் தலைநகரங்களைப் பல் தேய்க்கும்போதுகூடச் சொல்லிப் பார்த்தவள் அவள். மேடை, மைக், சென்னை. எல்லாம் இப்போது அவளுக்கு. சந்தோஷப்படலாம் என்று பார்த்தால், பக்கத்தில் புத்தகம் தலைகீழாக இருந்தது.

சாப்பிட்டுவிட்டு இருவரும் குழாயடிக்குப் போனார்கள். பானு டப்பாவைக் கழுவுவதற்காகப் பட்டையைக் கழற்றினாள். அதன் அடியில் மஞ்சள் கயிறு ஒன்று மணிக்கட்டோடு ஒட்டிக் கிடந்தது.

"இது இன்னாடி?"

"காப்பு. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்கறேன் இல்ல? மலைக்குப் போய் இறக்குற வரைக்கும் இது கையிலயே இருக்கணும். எங்கனா நழுவிடப் போவுதுன்னு, கம்பெனிக்காரங்க போனதும் பட்டைய அது மேலயே இறுக்கிக் கட்டிக்கினேன்."

அலீஷா பட்டையைத் திருப்பிப் பார்த்தாள். அடிப்பக்கத்தில் குட்டி விளக்கு ஒன்று மினுக்கியது. தோலை ஒட்டி இருந்தால்தான் அது நாடியைப் பிடிக்கும் என்று கம்பெனிக்காரர்கள் சொன்னது நினைவுக்கு வந்தது.

விஜயனும் காவடி எடுக்கிறான். அவனும் காப்பு கட்டியிருக்கிறான். ஆனால் ஆண்களுக்குக் காப்பு வலது கையில், பெண்களுக்கு இடது கையில். பட்டையோ எல்லோருக்கும் இடது கையில்!

கயிறு குறுக்கே கிடப்பதால்தான் சிவப்பு என்று புரிந்துவிட்டது. புரிந்தது அலீஷாவுக்கு மட்டும்தான். பேசாமல் இருந்தால் வெள்ளிக்கிழமை ரயிலில் அவள். பேசினால் பானு.

குழாயடியிலிருந்து வகுப்புக்கு நாலு எட்டுதான். அன்று அது நீளமாக இருந்தது. உள்ளே வந்ததும் அவள் நேராக விஜயனிடம் போனாள்.

"விஜயா, இடது கையக் குடு."

"எதுக்கு?"

"குடுன்னா குடு."

தன் சடை ரிப்பனை அவிழ்த்தாள். அவன் பட்டையைத் தளர்த்தி, ரிப்பனை அதன் அடியில் சுற்றி இறுக்கினாள். கொஞ்ச நேரம் பச்சை எரிந்தது. அப்புறம் சிவப்பு.

"அய்யே! எனக்குக் கோவமே இல்ல!" என்று விஜயன் அலறினான்.

"பட்டை பொய் சொல்லாதுன்னு யாரோ சொன்னாங்களே?" என்றாள் பானு. இரண்டு நாளில் முதல் முறையாகச் சிரித்தாள்.

சத்தம் கேட்டு டீச்சர் வந்தார். அலீஷா எல்லாவற்றையும் சொன்னாள். டீச்சர் பானுவின் வலது கையில் பட்டையை மாற்றிக் கட்டினார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். பச்சை!

"உன்னக் கேக்காமலே பட்டைய நம்பிட்டேன் பானு" என்றார் டீச்சர். பிறகு அலீஷாவைப் பார்த்தார். "அப்போ வெள்ளிக்கிழமை..."

"ஆங், தெரியும் டீச்சர். பானுதான் போவணும்" என்று சொல்லிவிட்டு அலீஷா ரிப்பனைத் திரும்பக் கட்டிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை அவள் அப்பா ஜமீல், மெக்கானிக் கடையைத் திறப்பதற்கு முன்னால், அவளை ஸ்டேஷனுக்கு வண்டியில் அழைத்து வந்தார். டீச்சரும் விஜயனும் பானுவும் ஏறிக்கொண்டார்கள். ரயில் நகர்ந்தது. பானு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"அலீஷா! உனக்குச் சிவப்பு எரியுது! அடியில எதனா மாட்டிக்கிச்சா பாரு!"

அலீஷா பட்டையைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் ஒன்றும் இல்லை.

"இல்லடி! இது சரியாத்தான் காட்டுது!" என்று திருப்பிக் கத்தினாள். "ஜெயிச்சிட்டு வா!"

ரயிலின் கடைசிப் பெட்டி சிக்னலைத் தாண்டுவதற்குள் பட்டையில் பச்சை வந்துவிட்டது. அலீஷா அதைக் கவனிக்கவில்லை. அந்தக் கையைத்தான் ஆட்டிக்கொண்டிருந்தாள்.