மூடாத கோடு

முதுகில் மருந்து தடவிக்கொண்டிருந்த கார்த்யாயினி கையை நிறுத்தி, "ஏங்க, டிராகன் வாலு நேத்து இடது பக்கந்தான இருந்துது?" என்றாள்.

ராஜகணேஷுக்குச் சிரிப்பு வந்தது. தன் முதுகைத் தானே பார்க்க முடியாதவனிடம் கேட்கிற கேள்வியா இது? கரண்டு போயிருந்தது. பொழுது சாயும் நேரத்து ஐப்பசி மழை சிதம்பரத்தையே கரைத்துவிடும்போலக் கொட்டியது. இருட்டுல அப்புடித் தெரியுது என்று சொல்லிவிட்டான்.

அந்த முதுகில் இரண்டு பேருடைய வேலை இருந்தது. கடலூர் செம்மண்டலத்தில் டாட்டூ கடை வைத்திருக்கும் நண்பன் இளவரசு, கழுத்திலிருந்து இடுப்பு வரை, அலையும் மேகமுமாக ஒரு ஜப்பானிய டிராகனை இறக்கினான். சுற்றிலும் ஜியோமெட்ரிக் டிசைன் வேண்டும் என்று ராஜகணேஷ் கேட்டதும் கார்த்யாயினிதான் புள்ளி வைத்துச் சிக்குக் கோலம் போட்டுக் கொடுத்தாள். ஒரே கோடு, எங்கும் அறுபடாமல் சுற்றிவந்து தொடங்கிய இடத்தில் சேர வேண்டும். சேராத கோலத்தை அவள் வாசலில்கூட விடமாட்டாள். கோட்டை மூடிய பிறகுதான் டிராகனுக்குக் கண் வைக்க வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

நேற்று வெள்ளிக்கிழமை. கண்ணும், தோளுக்குக் கீழே கட்டைவிரல் அகலத்துக்குக் கோடும்தான் பாக்கி. பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். சாமி சிலைக்கு நல்ல நேரம் பார்த்துக் கண் திறக்கிற ஊரில் வளர்ந்தவனுக்கு மனசு கேட்கவில்லை. "மொதல்ல கண்ணத் தொறந்துடு மச்சான். கோட்ட அடுத்த வாரம் பாத்துக்கலாம்." இளவரசு தயங்கித்தான் ஊசியை எடுத்தான். இதை ராஜகணேஷ் வீட்டில் சொல்லவில்லை.

"இங்க கோடு சேரலியே" என்றாள் கார்த்யாயினி. அவள் விரல் அந்த இடத்திலேயே நின்றது.

அப்போதுதான் அவன் அதை உணர்ந்தான். தோலுக்கு அடியில், இடுப்பிலிருந்து தோளை நோக்கி, ஈரக்கயிறு ஒன்றை யாரோ அவசரமில்லாமல் இழுப்பதுபோல ஒரு நகர்வு. மழைச் சத்தத்துக்கு நடுவே சன்னமாகச் செதில் உரசும் ஓசை. மருந்து வாசனையை மீறிக்கொண்டு வந்த சேற்று மீன் கவிச்சி. இளவரசுவுக்குப் போன் போட்டு, நாளைக்கே வருகிறேன், கோட்டை மூடிவிடு என்றான்.

இளவரசு அவசரமாகக் குறுக்கிட்டான்.

"மச்சான், நான் கண்ண நேராப் பாக்கற மாதிரிதான் வச்சேன். காலையில நீ அனுப்புன போட்டோல அது கோடு வுட்ட எடத்தப் பாக்குது. அங்க யாரயும் தொட வுடாத."

போன் கையிலிருந்து நழுவியது.

"கார்த்தி, கைய எடு."

விரல் அசையவில்லை. இன்னும் அழுத்தியது. அவள் மூச்சு ஒருமுறை இழுத்தது. பிறகு கேட்கவில்லை.

முதுகு லேசாகிக்கொண்டு வந்தது. கழுத்து. தோள். இடுப்பு. இரண்டு நாள் எரிச்சலும் ஒரே நொடியில் அடங்கியது. விரல் வழுக்கி விழுந்தது.

எதிரே பீரோ கண்ணாடி. எழுந்து முதுகைக் காட்டி, கழுத்தைத் திருப்பிப் பார்த்தான். கோலம் இருந்தது. புள்ளிகள் இருந்தன. உள்ளே வெறும் தோல். அலை இல்லை. மேகம் இல்லை. எதுவும் இல்லை.

திரும்பினான்.

கார்த்யாயினி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், தூங்குகிறவளைப்போல. உள்ளங்கை கறுத்திருந்தது. மணிக்கட்டில் செதில். முழங்கையில் செதில். ரவிக்கைக்குள் புகுந்து கழுத்தில் வெளியே வந்திருந்தது தலை.

அவளைச் சுற்றிக் கோலம் இல்லை. ஒரு கோடுகூட இல்லை.

அவளுடைய இரண்டு கண்களும் மூடியிருந்தன. கழுத்திலிருந்த கண் மட்டும் திறந்திருந்தது. அது அவனை ஒருமுறை பார்த்துவிட்டு, மெல்ல அவள் முகத்தின் மேல் ஏறத் தொடங்கியது.