அமைதி அறையும் நாற்பத்தொரு சாவிகளும்

மகத்தான காதல்கள் எல்லாம் மௌனத்தில்தான் பிறக்கின்றன. கண்ணும் கண்ணும் கலக்க, காற்றும் மூச்சடக்கி நிற்க... ஒரு சொல்லும் இல்லாமல் இரண்டு உயிர்கள் ஒன்றையொன்று கண்டுகொள்கின்றன.

தினேஸ்வரியின் காதல் இரண்டாயிரம் வாட் ஒலிபெருக்கியில் பிறந்தது. அதுவும் அமைதி அறை ஒன்றின் திறப்பு விழாவில்.

ஈப்போ சிலிபின் பக்கமிருந்த அந்தத் தமிழ்ப்பள்ளியில் அன்று பகடிவதை ஒழிப்பு வாரம் தொடங்கியது. கூட்டத்தையும் கூச்சலையும் தாங்க முடியாத பிள்ளைகள் கொஞ்ச நேரம் வந்து உட்கார்ந்து தேற ஓர் அறை வேண்டும் என்று முடிவு செய்திருந்தார்கள். நல்ல யோசனை. நல்ல யோசனை என்றால் விழா எடுக்க வேண்டும். விழா என்றால் பதாகை, ஊதா நிற டி-சட்டை, உறுதிமொழி, டத்தோ பட்டம் பெற்ற ஒரு பிரமுகர், அந்த டத்தோ அடித்துத் திறந்துவைக்க இடுப்புயர வெண்கலக் கோங். அமைதி அறையைக் கோங் அடித்துத் திறப்பதில் யாருக்கும் எந்த உறுத்தலும் இல்லை. இந்த ஊரில் எதைத் திறந்தாலும் கோங்தான்.

யாருக்காக அந்த அறையோ அந்தப் பிள்ளை பரிசு மேசைக்கு அடியில் காதைப் பொத்திக்கொண்டு சுருண்டிருந்தாள். துளசி, நான்காம் ஆண்டு. தினேஸ்வரியின் அக்கா விமலாவின் மகள். ஆட்டிசம் உள்ள பிள்ளை. மழை பிடிக்கும், தோசையின் முறுகல் ஓரம் பிடிக்கும், பொய் பிடிக்காது. மைக் அலறினால் உடம்பெல்லாம் வலிக்கும்.

மேடையில் ஒரு மாணவன், "யாரையும் கேலி செய்ய மாட்டோம்!" என்று கணீரென்று உறுதிமொழி வாசித்து முடித்தான். முந்தாநாள் துளசியின் காதடைப்பானைப் பிடுங்கிக் கழிவறைத் தொட்டியில் போட்டவன் அவன்தான். குரல் வளம் பார்த்து எடுத்திருந்தார்கள்.

பிறகு டத்தோ மைக்கைப் பிடித்தார்.

"அமைதி... என்பது...!"

ஒலிபெருக்கி கீச்சென்று வீறிட்டது. மேசைக்கு அடியிலிருந்து ஒரு விம்மல்.

தினேஸ்வரி சுற்றிலும் பார்த்தாள். சுவரோரம் தடித்த ஒயர் ஒன்று போனது. குனிந்தாள்... பிடுங்கினாள்.

திடலே ஊமையானது. டத்தோவின் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

"அக்கா! அக்கா! என்னா பண்றீங்க?"

ஓடிவந்தவனை நிமிர்ந்து பார்த்தாள். நெடுநெடுவென்று உயரம். கழுத்தில் பெரிய ஹெட்போன். அந்தக் கண்கள்... மழை இறங்கப் போகிற மலையடிவாரம் மாதிரி இருண்டு, ஈரமாய், ஆழமாய்...

தினேஸ்வரி கண்ணாடிக் கடையில் ஆறு வருடமாகக் கண் பரிசோதிப்பவள். அவளுக்கு முதலில் தோன்றியது, 'வலது கண்ணுல பவர் இருக்கும். கண்ணாடி போடாம இடுக்கி இடுக்கிப் பாக்கறான்' என்பது. இரண்டாவதாகத் தோன்றியதை அவள் தனக்கே ஒப்புக்கொள்ளவில்லை.

"யாருக்கு அக்கா? ஒங்களுக்கு என்ன வயசு?"

"முப்பத்தொண்ணு..."

"எனக்கு இருவத்தொம்போது. கணக்கு பண்ணுங்க."

"சரி, மிஸ்! ஒயரக் குடுங்க லா. டத்தோ பேசிக்கிட்டு இருக்காரு!"

"எதப் பத்தி?"

"அமைதியப் பத்..."

சொல்லி முடிக்காமல் நின்றான். அவள் விரல் காட்டிய இடத்தில் குனிந்து பார்த்தான். இரண்டு சிறிய கைகள், இரண்டு காதுகள், இறுக மூடிய கண்கள்.

அவன் ஒயரைக் கேட்கவில்லை. தன் வேனின் பின்கதவைத் திறந்தான். ஒலிபெருக்கிகளைச் சுற்றும் கனத்த போர்வைகள், சுவரெல்லாம் ஸ்பாஞ்சு. கழுத்திலிருந்த ஹெட்போனைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு நான்கடி தள்ளி நின்றான்.

"தொட வேணாம், கூப்புட வேணாம். அவங்களே வரட்டும்."

துளசி வந்தாள். வேனுக்குள் ஏறி ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். முகத்திலிருந்து வலி மெல்ல இறங்கியது... அந்த நேரம் பார்த்து மழையும் இறங்கியது.

"தேங்க்ஸ், அண்ணே" என்றாள் தினேஸ்வரி, அந்த 'அண்ணே'யில் ஓர் அழுத்தம் கொடுத்து.

அவன் முகம் விழுந்ததைப் பார்த்து அவளுக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது.

அவன் பெயர் யுகேந்திரன். சுங்கை சிப்புட்காரன். அப்பாவும் அம்மாவும் கித்தா மரம் சீவிய ரப்பர்த் தோட்டம் இன்று வீடமைப்புப் பகுதி. பள்ளிக்கு எதிர்வரிசையில் ஒரு கடைவீட்டை எடுத்து ஒலி அமைப்புச் சாமான்களை அடுக்கி வைத்திருந்தான். வேன் பள்ளி வாசலில்தான் நிற்கும்.

இதையெல்லாம் தினேஸ்வரி விசாரித்துத் தெரிந்துகொள்ளவில்லை. மூன்று வாரம் தினமும் அந்த வேனில் உட்கார்ந்திருந்ததால் தெரிந்தது.

ஏனென்றால் திறக்கப்பட்ட அமைதி அறை, திறக்கப்பட்ட மறுநிமிடமே பூட்டப்பட்டு, பிறகு திறக்கப்படவேயில்லை.

"மாவட்ட அதிகாரிங்க வந்து பாக்கணும்மா" என்றார் தலைமையாசிரியர் பெத்தபெருமாள். "அதுவரைக்கும் அறை புத்தம் புதுசா இருக்கணும்."

"பிள்ளைங்க உள்ள போனா பழசாயிருமா சார்?"

"போட்டோ எடுக்கணும்ல..."

காதடைப்பான் பறிபோனதைப் பற்றிக் கேட்டபோது அவர் ஒரு பாரத்தை, புகார்ப் படிவத்தை, நீட்டினார். பகடிவதை நடந்த நேரம், இடம், மூன்று சாட்சிகளின் கையெழுத்து. சம்பவம் ஒருமுறை நடந்திருந்தால் 'விளையாட்டு' என்ற கட்டத்தில் கோடிட வேண்டும். தினேஸ்வரி மூன்று பாரம் நிரப்பினாள். மூன்றும் ஊதா நிறக் கோப்பில் அழகாகத் துளையிட்டுச் செருகப்பட்டன.

ஆகவே தினமும் பத்தேகாலுக்கு, ஓய்வு மணி அடிப்பதற்கு முன், கடை முதலாளியின் முறைப்பை முதுகில் வாங்கிக்கொண்டு அவள் பள்ளிக்கு வருவாள். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, சிற்றுண்டிச்சாலைக் கூச்சலிலிருந்து துளசியை மீட்டு வேனுக்குக் கூட்டிவருவாள். இருபது நிமிடம். துளசி ரொட்டி தின்றுகொண்டே யுகேந்திரன் ஒயர் சுற்றுவதைப் பார்ப்பாள்... ஒரு சுற்று உள்ளே, ஒரு சுற்று வெளியே. இரண்டாம் வாரத்தில் அவளே சுற்றினாள். அவனைவிடச் சீராக.

"நீங்க தெனமும் இங்கதான் இருக்கீங்க. ஒங்களுக்கு வேலையே இல்லயா அண்ணே?"

"இந்த அண்ணேய உடவே மாட்டீங்களா?"

"ஏன், கசக்குதா?"

"கசக்கல... கொஞ்சம் கரிக்குது."

அவள் சிரிப்பை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பினாள். கண்ணாடியில் மழைத்துளிகள் ஒன்றை ஒன்று துரத்தி இறங்கின. கண்ணாடியிலேயே அவன் பார்வையும் தெரிந்தது... திருட்டுத்தனமாக, இடுக்கிக்கொண்டு.

மூன்றாவது வாரம் பெத்தபெருமாள் விமலாவை அழைத்துப் பேசினார். நாற்பது நிமிடத் தொலைவில் வேறொரு பள்ளி, அங்கே சிறப்பு வகுப்பு, 'எல்லாருக்கும் நல்லது'. வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் மாற்றல் கடிதம் தந்தால் போதும். விமலா ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் நின்று களைத்தவள்.

"எத்தன நாளுக்குத்தான் நீ கடைய உட்டுட்டு ஓடுவ தினேஸு? அந்த ரூம தெறக்கட்டும், நா ஏன் மாத்தறேன்? தெறக்க மாட்டாங்க லா. நா கையெழுத்துப் போட்டுர்றேன்."

"எனக்கு என் கிளாஸ்தான் வேணும்" என்றாள் துளசி. "என் மேச ஜன்னல் பக்கத்துல இருக்கு." அதை அன்று பதினோரு முறை சொன்னாள்.

புதன்கிழமை வேனில் தினேஸ்வரி பொருமிக்கொண்டிருந்தாள். "அந்த அதிகாரிங்க எப்பதான் வந்து தொலைவாங்களோ..."

"அதிகாரிங்க யாரும் வரமாட்டாங்க, சின்னம்மா" என்றாள் துளசி, ஒயரிலிருந்து கண்ணெடுக்காமல். "சாவி டத்தோ வீட்டுல இருக்கு. பூத்தட்டுல வெச்சுக் குடுத்தாங்க. அவரு பரிசு ஹேம்பரோட சேத்து எடுத்துட்டுப் போயிட்டாரு. அண்ணே பாத்தாங்களாம். நேத்து கேட்டேன், சொன்னாங்க."

வேன் அமைதியானது. ஒலி அமைப்பு வேனாக இருந்தும்.

தினேஸ்வரி திரும்பினாள். "தெரியுமா?"

"...தெரியும்."

"மூணு வாரமா?"

"குரு பெசார் பெத்தபெருமாள் சார் வெளிய சொல்ல வேணாம்னு கெஞ்சுனாரு, மிஸ். குடுத்தத திருப்பிக் கேட்டா மரியாத கொறச்சலாம்..."

"பூட்ட ஒடைக்க வேண்டியதுதான?"

"பூட்டு டத்தோ நன்கொடையாம். ஒடைச்சா அதுவும் மரியாத கொறச்சலாம்."

"நீங்க கேக்க வேண்டியதுதான? அவரு பங்சனுக்கெல்லாம் நீங்கதான மைக் கட்றீங்க!"

"அதான்... மாசம் நாலு வேல அவருகிட்டருந்துதான் வருது..." அவன் இன்னும் எதையோ சொல்ல வாயெடுத்தான். சொல்லவில்லை.

"அவ காத பொத்திக்கிட்டு அழுதத நீங்க பாத்தீங்க. பாத்துட்டும்..." அவள் குரல் உடைந்தது, உடனே கோபம் அதை ஒட்டவைத்தது. "வாழ்த்துகள், அண்ணே. நல்லா மைக் கட்டுங்க."

துளசியைக் கூட்டிக்கொண்டு மழையிலேயே இறங்கினாள். குடை வேனிலேயே இருந்தது. திரும்பிப்போய் எடுக்கத் தன்மானம் விடவில்லை. இருவரும் தொப்பலாக நனைந்தார்கள்.

வியாழக்கிழமை ஓய்வு நேரத்தை இருவரும் மாடிப்படிக்கு அடியில் கழித்தார்கள். அவள் கடைக்குத் திரும்பிய பிறகு காதடைப்பான் மறுபடி காணாமல் போனது. நான்காவது பாரம்.

வெள்ளி காலை, பத்தரை மணி. விமலா கடிதத்தோடு அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தாள். பெத்தபெருமாள் ஆசிரியர் கூட்டத்தில் இருக்கிறார், காத்திருக்கச் சொன்னார்கள். தினேஸ்வரி துளசியோடு நடைபாதையில் நின்றாள். மூடிய அறைக்கதவில் 'அன்புடன் வரவேற்கிறோம்' என்று எழுதியிருந்தது.

மழைக்குள்ளிருந்து ஓர் உருவம் ஓடிவந்தது. முடி நெற்றியில் ஒட்டி, சட்டை உடம்பில் ஒட்டி... கையில் ஒரு பிஸ்கட் டின்.

"போங்க லா. எனக்கு யார் மூஞ்சியையும் பாக்க வேணாம்."

யுகேந்திரன் டின்னைத் திறந்தான். உள்ளே சாவிகள். பித்தளை, வெள்ளி, ரிப்பன் கட்டியது, ரிப்பன் நைந்தது.

"நேத்து சாயங்காலம் ஹுத்தான் மெலிந்தாங்ல டத்தோவுக்கு விருந்து. கேட்டேன்."

"என்னன்னு?"

"சாவி குடுங்கன்னு. எல்லாரும் இருக்கப்பவே கேட்டுட்டேன். வீட்டுக்கு வரச் சொன்னாரு. போனா ஒரு கண்ணாடி அலமாரி. தெறந்துவெச்ச எடத்துச் சாவியெல்லாம் அதுல அடுக்கி வெச்சிருக்காரு. கம்ப்யூட்டர் ரூம், நூலகம், மண்டபம்... எது எதோடதுன்னு அவருக்கே தெரியல. மொத்தமா அள்ளிக் குடுத்தாரு. நாப்பத்தொண்ணு."

"அப்புறம்?"

"அடுத்த வாரத்துலருந்து வேற ஆளு மைக் கட்றான்."

தினேஸ்வரி டின்னுக்குள் கைவிட்டாள்.

ஒன்று நுழையவில்லை. இரண்டு நுழைந்தது, திரும்பவில்லை. மூன்று, நான்கு... துளசி எண்ணிக்கொண்டே வந்தாள். தினேஸ்வரி சாவியை நீட்ட அவன் வாங்க, விரல்கள் உரச, இருவரும் ஒரே நேரத்தில் "சோரி" சொன்னார்கள். பன்னிரண்டு. கூரையிலிருந்து சாரல் அவள் கன்னத்தில் தெறித்தது. பத்தொன்பது. அவன் பூட்டுத் துளையைக் கண்ணை இடுக்கிப் பார்த்து, சாவியைப் பக்கத்தில் குத்தினான்.

"குடுங்க. ஒங்களுக்குக் கண்ணும் தெரியல."

முப்பத்து மூன்றாவது சாவிக்குப் பூட்டு வாயைத் திறந்தது.

உள்ளே மெத்தென்ற பாய், மங்கலான விளக்கு, பிளாஸ்டிக் உறை பிரிக்காத சோபா. துளசி காலணியைக் கழற்றிவிட்டு நுழைந்தாள். பாயில் படுத்தாள். கூரையில் மழை விழுவதைக் கேட்டாள். அலுவலகத்திலிருந்து வந்த விமலா வாசலில் நின்று மகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்... நீண்ட நேரம்.

"இங்க ஒக்காந்துட்டு கிளாஸுக்குப் போவேன், அம்மா" என்றாள் துளசி. "தெனமும்."

விமலா கடிதத்தை நான்காக மடித்தாள். கிழிக்கவில்லை. பின்பக்கம் வெற்றாக இருந்ததால் சமையல் சாமான் எழுத உதவும் என்று கைப்பையில் போட்டுக்கொண்டாள். பிறகு மகளை வகுப்புக்கு, அந்த ஜன்னலோர மேசைக்குக் கூட்டிப்போனாள்.

சோபா உறையைப் பிரிக்க இரண்டு பேர் மிச்சமிருந்தார்கள்.

"மிஸ்..."

"என்னா?"

"அன்னிக்கு ஒண்ணு சொல்லாம உட்டுட்டேன். டத்தோ வேல மட்டும் காரணமில்ல." அவன் குரல் மெல்ல எழும்பியது, மழையை மீற வேண்டியிருந்தது. "ரூம தெறந்துட்டா... நீங்க வேனுக்கு வரமாட்டீங்கன்னு நெனச்சேன். அந்த இருவது நிமிஷம் போயிருமேன்னு. தப்பு. ரொம்பப் பெரிய தப்பு. ஒரு பிள்ளையோட வலியில ஒக்காந்துக்கிட்டு நா..."

"வெக்கமா இல்ல?"

"இருக்கு. ஆனாலும்... ஒங்கள எனக்குப் புடிச்சிருக்கு, தினேஸ்வரி. அந்த ஒயரப் புடுங்குன நிமிஷத்துலருந்து."

அவள் பிளாஸ்டிக் உறையைச் சுருட்டினாள், அவசியத்துக்கு மேல் நேரம் எடுத்துக்கொண்டு. மூன்று வாரத்து எரிச்சலும் நெஞ்சில் அப்படியேதான் இருந்தது... ஆனால் அதன் நடுவில் எங்கோ ஓர் இடம், இந்த அறை மாதிரி, விளக்கு மங்கலாக, இதமாக...

"நீங்க செஞ்சது அயோக்கியத்தனம்" என்றாள். "அத நா மறக்கமாட்டேன். கல்யாணமாகி இருவது வருஷம் கழிச்சும் சொல்லிக் காட்டுவேன்."

"கல்யா..."

"நாளைக்குக் கடைக்கு வாங்க. மொதல்ல கண்ணு டெஸ்ட் பண்ணணும். என்னைய ஒழுங்கா பாருங்க, அப்புறம் சொல்லுங்க... யுகேந்திரன்."

அண்ணே இல்லை. அவன் கண்கள் நிறைந்தன. அவள் கண்களும். வெளியே மழை சட்டென்று நின்று, பள்ளி முழுவதும் ஒரு மகா நிசப்தம் கவிந்தது.

அமைதி அறையையும் ஆசிரியர் அறையையும் பிரித்தது ஒற்றைப் பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் தலைமையாசிரியரோடு சேர்த்துப் பதினான்கு பேர் கூட்டத்தை மறந்து காது கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.