பிரேதம் கொடுத்த ரத்தம்!

கிர்ர்ர்ங்...!

ரதிதேவி ரிசீவரை எடுத்தாள்.

"தங்கச்சி... நான் செல்வநாயகி கதைக்கிறன். உங்கட ஒஃபிஸால கடிதம் வந்திருக்கு. இவருக்கு ரத்தத்தில ஈயம் குறைவாம். பயப்படத் தேவையில்லையாம்..."

"எப்ப ரத்தம் எடுத்ததாம், அக்கா?"

"நவம்பர் ஒன்பது."

ரதிதேவி மேசை நாட்காட்டியைப் பார்த்தாள்.

செல்வநாயகியின் கணவர் குலசிங்கத்தை நவம்பர் ஏழாம் தேதியே தகனம் செய்தாயிற்று!

ஆக்லாந்து, 1987. சுகாதார அலுவலகம் ஒன்று. யாழ்ப்பாணத்தில் வாங்கிய கணிதப் பட்டத்தை இங்கே ஒருவரும் மதிக்கவில்லை. ரதிதேவிக்குக் கிடைத்தது கம்ப்யூட்டரில் எண்களைத் தட்டும் வேலை. அவள் விடவில்லை. மாலை வகுப்பில் புள்ளியியல் படித்தாள். இந்த மாதம்தான் கடைசிப் பரீட்சை எழுதினாள். பாஸானால் அனலிஸ்ட் பதவிக்கு விண்ணப்பிக்கலாம்.

குலசிங்கம் வேலை செய்த ஹென்டர்சன் பேட்டரித் தொழிற்சாலையின் ரத்தப் பரிசோதனைப் பட்டியலை உருவினாள்.

அறுபத்திரண்டு தொழிலாளர்கள். அறுபத்திரண்டு எண்கள்.

ஒன்றுகூடப் பூச்சியத்திலோ ஐந்திலோ முடியவில்லை!

நிஜ ரத்தம் அப்படி நடந்துகொள்ளாது. ஐந்தில் ஒன்றாவது அப்படி முடியும். எண்ணைக் கற்பனை செய்கிறவன்தான் பூச்சியத்தையும் ஐந்தையும் கண்டு பயப்படுவான்.

மிச்சம் அறுபத்தோரு பேர் இந்த நிமிடமும் அந்த ஈயப் புகையைத்தான் சுவாசிக்கிறார்கள்...

தலைமை அனலிஸ்ட் ஜெயரட்ணத்தின் அறைக்குள் நுழைந்தாள்.

அவர் வழக்கம்போல ஜாம் டோனட் தின்றுகொண்டிருந்தார். சிவப்பு ஜாம் வழியும் அதே விரல்களால், குவிந்து கிடந்த படிவங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். எதையும் வாசிக்கவில்லை. வாசிக்கும் வழக்கமும் இல்லை.

"சேர்... செத்த மனுசனிட்ட ரத்தம் எடுத்தது ஆர்?"

விரலை நக்கினார்.

"ஓ! அந்தாள் செத்திட்டானோ? கொம்பனி தந்த பேர் லிஸ்டில இருந்தானே..."

"மற்ற ஆக்களின்ர லாப் ரிப்போர்ட் எங்க?"

"குப்பைக்குள்ள. உண்மையை எழுதினால் ஃபக்டரியைப் பூட்டிப்போடுவாங்கள், பிள்ளை!"

"குலசிங்கம் உங்கட ஊராள், சேர்!"

"ஊராள் எனக்கு மீன்பிடிக்கப் படகு தருவானோ? முதலாளி தாறார்!"

சீ! மனிதனா இவன்? ரதிதேவிக்கு அந்த டோனட்டின் மேலேயே துப்பவேண்டும் போலிருந்தது.

"நான் டைரக்டரிட்டச் சொல்லுவன்!"

"தாராளமாச் சொல்லு..." ஒரு பிரின்ட் அவுட்டை நீட்டினார். "முதல்ல இதைப் பார். பன்னிரண்டாம் திகதி, காலமை பதினொரு மணி. உன்ர பாஸ்வேர்ட். அறுபத்திரண்டும் நீ அடிச்சது!"

"பாஸ்வேர்டை எனக்குத் தந்ததே நீங்கள்!"

"ஆர் நம்புவினம்? ஜெயிலுக்குப் போறியோ? இல்லாட்டி வாயை மூடிக்கொண்டு என்ர சிபாரிசில அனலிஸ்ட் ஆகிறியோ?"

ரதிதேவி அந்தத் தேதியையும் நேரத்தையும் இரண்டு தரம் படித்தாள்.

"டைரக்டரைக் கூப்பிடுங்கோ."

"கூப்பிடுறன். பொலிசும் வரட்டும்!"

அரை மணி நேரத்தில் டைரக்டர் வந்தார். கூடவே ஒரு சார்ஜன்ட். ஜெயரட்ணம் பிரின்ட் அவுட்டை விரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு நடித்தார். பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

சார்ஜன்ட் ரதிதேவியிடம் திரும்பினார். "நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

அவள் அலமாரியைத் திறந்து, லீவு ஃபைலிலிருந்து ஒரு தாளை உருவினாள்.

"பன்னிரண்டாம் தேதி காலை ஒன்பதரை முதல் பன்னிரண்டரை வரை நான் பரீட்சை மண்டபத்தில் இருந்தேன். கூட எழுதிய நாற்பது பேரும் சாட்சி. லீவு கொடுத்தவர் இவர்!"

ஜெயரட்ணத்தின் முகம் வெளிறியது.

"பொய்! நான் கையெழுத்தே போடேல்லை! அது கள்ளக் கையெழுத்து!"

ரதிதேவி தாளை வெளிச்சத்தில் பிடித்தாள். கையெழுத்துக்குப் பக்கத்தில், சிவப்பாய், பிசுபிசுப்பாய்... ஒரு முழுக் கட்டைவிரல் ரேகை!

"கையெழுத்தை மறுக்கலாம், சேர்... ஜாமை என்னெண்டு மறுப்பியள்?"