பந்து எழும்பாத இடம்

சைகோன் நகரமே மதியத் தூக்கத்தில் கிடந்த நேரத்தில், ஜெயம் கடலைக் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு துறைமுகப் பேட்டையான கான் ஹொய்யிலிருந்து பந்தாட்ட மைதானத்துக்கு வந்து சேர்ந்தாள். சாயங்காலம் ஆட்டம். முந்தி வந்தால்தான் வாசல் நிழலில் இடம் கிடைக்கும்.

கடலை விற்கவா இவ்வளவு தூரம் வந்தாள்? அது சாக்கு.

போன வருஷம் வரை அந்த இடம் சதுப்பு நிலம். மண்ணைக் கொட்டி, இரும்பு உருளையை இழுத்து இழுத்துச் சமன்படுத்தி, வெள்ளைக்காரர்களின் சங்கத்துக்காக எழுப்பிய மைதானம். உருளை இழுத்தவர்களில் அவள் புருஷன் வடிவேலும் ஒருத்தன். திறப்பு விழாவுக்கு முந்தின நாள் வேலைக்குப் போனவன், திரும்பவேயில்லை. எவளையோ கூட்டிக்கொண்டு ஓடிவிட்டான் என்று பேட்டையிலிருந்த காரைக்கால்காரர்கள் அவள் காதுபடவே பேசினார்கள். பொட்டு வைப்பதா, அழிப்பதா? அது தெரியாமல் அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

கண்காணி எட்மோன் வாசலைத் திறந்தார். புதுச்சேரிக்காரர். வெள்ளைத் தொப்பி, வெள்ளைக் கால்சட்டை, அதில் ஒரு பொட்டு அழுக்கு இருக்காது. அன்றைக்கு வேலை வாங்கியவரும் அவர்தான்.

"முசியே, அவுங்களப் பத்திச் சேதி ஏதாச்சும்..."

"கப்பலேறிப் போயிட்டான் புள்ள! எத்தனை தடவை சொல்றது? வாய் வலிக்குது எனக்கு."

எப்போது கேட்டாலும் இதே பதில்தான். சொல்லும்போது அவர் கண் மட்டும் தரையைப் பார்க்கும். பாவி மனுஷன்!

உள்ளே அவர் மகன் ழான் தனியாகப் பந்தை உதைத்துக்கொண்டிருந்தான். இன்றைக்குத்தான் சங்கத்துக்காக அவன் ஆடும் முதல் ஆட்டம்.

"பப்பா, இங்க பந்து எழும்பவே மாட்டேங்குது, பாருங்க!"

கோல் கம்பத்துக்கு முன்னால் பந்தைத் தூக்கிப் போட்டான். தொப்பென்று விழுந்து அப்படியே ஒட்டிக்கொண்டது.

"அங்க நிக்காத! இப்படி வா!" எட்மோனின் குரல் கிரீச்சிட்டது.

காற்று நின்றுபோனது. சேற்று வாடை எழுந்தது. அதோடு சேர்ந்து புகையிலை வாசனையும் வந்தது. வடிவேல் மெல்லுகிற யாழ்ப்பாணப் புகையிலை.

கிரீச்.

மைதானத்து ஓரத்தில் உருளையை வைத்துப் பூட்டியிருந்த கொட்டகையின் கதவு பூட்டோடு பெயர்ந்து விழுந்தது.

கிரீச்... கிரீச்...

உருளை வெளியே வந்தது. இழுக்க ஆளில்லை. ஆனாலும் அதன் கைப்பிடி இடது பக்கம் சாய்ந்தே வந்தது. இடது தோளால் இழுப்பது வடிவேலின் வழக்கம்.

ழான் ஓடப் பார்த்தான். கால் வரவில்லை. கணுக்கால் புதைந்தது, பிறகு முழங்கால். எட்மோன் ஓடிப்போய் மகனைக் கட்டிப் பிடித்து இழுத்தார். ஜெயமும் கூடையை வீசிவிட்டு ஓடினாள்.

மண்ணுக்குள்ளிருந்து ஒரு முணுமுணுப்பு.

"சொல்லுங்க, முசியே."

"என்ன வேணும்னாலும் செய்யறேன், எம் புள்ளைய விட்டுடு!"

கிரீச்.

"அவகிட்ட சொல்லுங்க."

எட்மோன் உடைந்துபோனார். "ஜெயம்! உன் புருஷன் இங்கதான் கெடக்கான்! உருளை சரிஞ்சு மேல ஏறிடுச்சு. மறுநாள் பெரிய துரைங்க வராங்க, நான் என்ன செய்வேன்? மண்ணப் போட்டு மூடுங்கடான்னுட்டேன்!"

"அப்ப உசுரு இருந்துச்சா?"

"முனகினான்."

ழானின் கால் சட்டென்று விடுபட்டது. தெறித்து விழுந்து தலை அடிபட்டு மயங்கினான். ஜெயம் அவனை ஓரமாக இழுத்துப் போட்டாள்.

இப்போது எட்மோன் இடுப்புவரை மண்ணுக்குள் இருந்தார்.

"கையக் குடு, ஜெயம்!"

நீட்டினால் எட்டுகிற தூரந்தான்.

ஒரு வருஷத்து அவமானமும் ஆத்திரமும் அவள் நெஞ்சில் பொங்கின. சதிகாரன், உயிரோடல்லவா புதைத்தான்! ஜெயம் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுற்றிக்கொண்டாள்.

உருளை அவசரப்படவில்லை. மெல்ல ஏறியது, மெல்ல இறங்கியது. தரை வழவழவென்று சமமாகிவிட்டது. தொப்பி மட்டும் மிச்சம். அதையும் அவள் கூடையை எடுத்துக் கடலைக்கடியில் மறைத்துக்கொண்டாள்.

உருளை தானாக வந்ததாக ழான் சொன்னபோது, வெயிலில் மயங்கி விழுந்து ஏதோ கனவு கண்டிருக்கிறான் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள்.

ஜெயம் பொட்டை அழித்துவிட்டாள். ஆனால் புருஷனின் எலும்பைத் தோண்டித் தரச்சொல்லி அவள் யாரிடமும் கேட்கவில்லை. ஆட்ட நாட்களில் ஊர் தூங்கும் நேரமாகப் பார்த்து வந்து, கோல் கம்பத்துக்கு முன்னால் காதை வைத்துப் படுப்பாள். அடியில் யாரோ முனகுவது கேட்கும். புகையிலை வாசனை வரும்.

"புடிச்ச புடிய விட்டுடாதீங்க," என்பாள்.

ஒருநாள் அவள் எழுந்து வருவதைப் பார்த்துக்கொண்டு ழான் வாசலில் நின்றிருந்தான். கண்ணெல்லாம் குழி விழுந்திருந்தது.

"அக்கா, பப்பாவப் பத்திச் சேதி ஏதாச்சும்..."

ஜெயம் தரையைப் பார்த்தாள்.

"கப்பலேறிப் போயிட்டாரு, தம்பி."

மறுபடி கதவு போட்டுப் பூட்டிய கொட்டகைக்குள் உருளை ஒருமுறை கிரீச்சிட்டு அடங்கியது.