மதிலுக்குப் பின்னால் விழுந்த தொலைவு

வாருங்கள்; வேப்பங்கரை வான்நிலையத்தின் பின்மதிலருகே நின்று, பகல் வெளிச்சத்தில் நடக்கும் ஒரு கொள்ளையைக் கண்ணால் காணுங்கள்.

முன்பக்கம் நின்றால் அதிசயம்தான் தெரியும். வெளியையே துணிபோல் மடிக்கும் 'மடிப்பி' என்னும் பொறி, பதினாறாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த சாந்தியாகோ நகரத்தைப் பத்தொன்பது நிமிடப் பயணமாக்கியிருந்தது. வானூர்தியின் மூக்கு மேகத்தில் நுழையும். சற்றைக்கெல்லாம் பயணிகளின் சாளரத்தில் ஆண்டீஸ் பனி மின்னும். எட்டு மாதமாகப் பார்த்தும் அளவையர் வடிவம்மைக்கு மெய்சிலிர்ப்பு அடங்கவில்லை. ஓடுபாதைக்கும் ஓடுபாதைக்கும் இடையிலான தூரத்தை ஒளியளவியால் அளந்து சான்றளிப்பது அவள் பணி. நாளை ஆக்லாந்து வழி திறக்க அவள் கையெழுத்து ஒன்றே பாக்கி.

அன்று காலை ஆட்டோ ஓட்டும் சுடலை அவளை வாசலில் மறித்தான்.

"எக்கா, ஒங்க கருவிய மதிலுக்குப் பின்னால இருக்க எங்க கீழக்காட்டுக்கு ஒருக்கக் கொண்டாங்க."

"ஏம்ப்பா, ஒன் ஆட்டோவுக்கு றெக்க மொளைச்சிருக்கா?"

"மொளைச்சா தேவலையே. முன்ன ஒரு பாட்டு முடியதுக்குள்ள ஆஸ்பத்திரிக்குப் போயிருவேன். இப்போ இருவது பாட்டு ஓடுது."

"பாடுதவன் இழுத்துப் பாடுதானோ என்னமோ."

"அவன் செத்து முப்பது வருசமாச்சு. எம்பொண்டாட்டிக்கு இது ஒம்பதாம் மாசம்க்கா."

வடிவம்மை சிரிப்பை விழுங்கிக்கொண்டு பின்மதிலுக்கு நடந்தாள். சாலையின் தாரில் ஒரு கீறலில்லை. ஓரத்துப் புல்லும் வாடவில்லை. ஆனால் முன்பு நெருங்கி நின்ற மின்கம்பங்கள், ஒன்றுக்கொன்று புள்ளியாகத் தேய்ந்து தொடுவானம்வரை விலகிக் கிடந்தன. மருத்துவமனைக்குப் போகும் அந்த இரண்டு கிலோமீட்டர்ச் சாலையைக் கருவி அறுபத்தொன்று என்றது. மண் நீளவில்லை, வெளிதான் இழுபட்டிருந்தது. மடித்த தொலைவு மாயவில்லை. மதிலைச் சுற்றிய நூற்றுக்கணக்கான தெருக்களின்மேல் சிதறி விழுந்திருந்தது.

நிலையத் தலைவர் ரெக்ஸ்லினிடம் ஓடிச் சொன்னாள்.

"எங்கயாவது விழத்தானம்மா செய்யும்," என்றார் அவர், தேநீரை ஆற்றியபடி. "பிளேன் ஏறாதவங்க பக்கம் விழுந்தா யாரு அளக்கப் போறா?"

"நான் அளந்துட்டேன் சார்."

அதற்குள் சுடலை தொலைபேசியில் அழைத்தான்: மனைவிக்கு வலி கண்டுவிட்டது. அறுபத்தொரு கிலோமீட்டரை அந்தப் பெண் தாங்கமாட்டாள். வடிவம்மை ஒரு கணம்தான் யோசித்தாள். சுடலையின் வீட்டை ஒட்டியிருந்த பின்மதிலின் சிறுவாசலைத் திறக்கச் செய்து, அளவையருக்குரிய சோதனைப் பயண உரிமையைக் காட்டி, இருவரையும் புறப்படவிருந்த வானூர்தியில் ஏற்றித் தானும் ஏறினாள்.

குழந்தை சாந்தியாகோவில் பிறந்தது.

அந்த மருத்துவமனையின் நடைக்கூடத்திலேயே ஆக்லாந்துச் சான்றிதழை விரித்து அவள் எழுதினாள்: 'கீழக்காட்டுக்கு மிக அருகிலுள்ள மருத்துவமனை: சாந்தியாகோ. ஒப்பம் மறுக்கப்படுகிறது.'

தோழர்களே, உங்கள் ஊருக்கும் மடிப்பி வரும். ஓடுபாதையில் அளந்த கணக்கைக் காட்டிக் கைதட்டக் கேட்பார்கள். தட்டாதீர்கள். அளவுநாடாவை எடுத்துக்கொண்டு மதிலுக்குப் பின்னால் போங்கள். கடைசி வீட்டின் வாசற்படியில் அதன் நுனியை வைத்து, மருத்துவமனைவரை அளந்துவிட்டு வந்து, அந்த எண்ணைச் சபையில் உரக்கப் படியுங்கள்.