தொலைந்து போனது யார்?

வல்லரசு இந்த வாரமும் தாள் முழுக்கக் கருப்பைத்தான் பூசினான். அழுத்திய அழுத்தில் கிரேயான் உடைந்தது. உடைந்த துண்டை எடுத்து மறுபடியும் பூசினான்.

"இன்னாடா இது, தார் ரோடா?" என்றான் பின்னால் இருந்த சாகில்.

ஆறாம் வகுப்பே சிரித்தது. சிரிக்க அதில் ஒன்றுமில்லை. ஆனாலும் சிரித்தார்கள்.

"சாகில், இங்க ரூல் இன்னா?" என்று கேட்டார் பிர்தௌஸ் அக்கா.

"மார்க் கிடையாது. நல்லா இருக்கு, நல்லா இல்லன்னு சொல்லக் கூடாது. கிண்டல் பண்ணக் கூடாது."

"அப்புறம்?"

"கேக்கலாம்."

பிர்தௌஸ் அக்கா புதன்கிழமைதோறும் அடி அண்ணாமலைப் பள்ளிக்கு வருவார். ஓவியம் கற்றுத்தர அல்ல. வாயால் சொல்ல முடியாததைக் கையால் சொல்ல வைக்க. சனிக்கிழமைகளில் வேங்கிக்காலில் பெரியவர்களுக்கும் இதே வகுப்பு நடத்துகிறார். "அங்கதான் அழுகை ஜாஸ்தி" என்பார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூஜா அந்தத் தாளை உற்றுப் பார்த்தாள். அது ஒரே கருப்பாக இல்லை. கோடு கோடாக, நெருக்கியடித்துக்கொண்டு நின்றது.

"வல்லரசு, இது இன்னான்னு சொல்லேன்."

அவன் கிரேயான் துண்டைக் கீழே வைத்தான். பிறகு, "கால்" என்றான்.

"யாரோட கால்?"

"பௌர்ணமிக்கு வந்தவங்களோடது. அபி உயரத்துல இருந்து பாத்தா கால்தான் தெரியும்."

பூஜாவுக்குப் புரிந்துவிட்டது. போன பௌர்ணமியன்று அவன் அம்மா கிரிவலப் பாதையில் சுண்டல் விற்றுக்கொண்டிருந்தார். கூட்டத்தில் வல்லரசின் பிடியிலிருந்து தங்கை அபிநயாவின் கை நழுவிவிட்டது. அவள் இதே பள்ளியில் ஒன்றாம் வகுப்புதான் படிக்கிறாள். இவன் ஒரு பக்கம் அழுதுகொண்டே தேட, அம்மாதான் கடைசியில் அவளைக் கண்டுபிடித்துக் கூட்டிவந்தார். அன்றிலிருந்து அவன் தங்கையின் கையைத் தொடுவதே இல்லை.

"நாளன்னிக்கு மறுபடியும் பௌர்ணமி. அபியப் பாத்துக்கோன்னு அம்மா சொல்லுது. நான் மாட்டேன். நான் புடிச்சா அவ தொலைஞ்சிடுவா."

'அதெல்லாம் ஒண்ணும் ஆகாது' என்ற சொல் பூஜாவின் வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டாள். எல்லோரும் அவனிடம் அதைத்தான் சொன்னார்கள். ஒரு பயனும் இல்லை.

"அன்னிக்கு இன்னா பாத்தேன்னு அபியக் கேட்டியா?"

"கேட்டா அழுவா."

"உனக்கெப்படித் தெரியும்? அக்கா, அபிநயாவைக் கூட்டிட்டு வரட்டுமா?"

அக்கா தலையசைத்தார்.

அபிநயா வந்ததும் பூஜா ஒரு தாளைக் கொடுத்தாள். "பௌர்ணமி அன்னிக்கு நீ பாத்ததை வரைஞ்சு காட்டு, அபி."

வல்லரசு தரையைப் பார்த்துக்கொண்டான்.

அபிநயா மஞ்சளை எடுத்தாள். சிவப்பை எடுத்தாள். ஒரு மேசை வந்தது. அதன் மேல் மேசையைவிடப் பெரிய ஒரு பெண். பக்கத்தில் ஒரு பெரிய மீசை. மீசைக்குப் பின்னால் கொஞ்சம் போலீஸ்காரர். பெண்ணின் வாயருகே குச்சி மேல் ஒரு உருண்டை.

"ஐஸ்கிரீமா?" என்று கேட்டான் சாகில்.

"மைக்."

"மைக்ல இன்னா பேசின?" என்றாள் பூஜா.

அபிநயா எழுந்து நின்று முஷ்டியை வாயருகே வைத்துக்கொண்டாள்.

"எல்லாருக்கும் வணக்கம். எங்க அண்ணன் காணாமப் போயிட்டான். பேரு வல்லரசு. பச்ச டவுசர் போட்டிருப்பான். அழுதுனு இருப்பான். பாத்தவங்க கூட்டிட்டு வாங்க."

முதலில் சிரித்தது வல்லரசுதான்.

"நானா காணாமப் போனேன்?"

"பின்ன நானா? நான் டேபிள் மேலயே இருந்தேன். போலீஸ் மாமா பிஸ்கட் குடுத்தாரு. நீதான் வரவே இல்ல."

"எனக்கு மைக் கேக்கவே இல்லியே."

"நீ அழுத சத்தத்துல கேட்டிருக்காது."

வல்லரசு தன் கருப்புத் தாளை அவள் பக்கம் நகர்த்தினான். "உனக்கு இதெல்லாம் தெரியலியா?"

"கால்தானே? மொதல்ல தெரிஞ்சுது. பயமாத்தான் இருந்துச்சு. அப்புறம் டேபிள் மேல ஏத்திட்டாங்க. மேல இருந்து பாத்தா எல்லாம் தலை. மொட்டைத் தலைகூட இருந்துச்சு."

வல்லரசு மஞ்சள் கிரேயானை எடுத்து, கருப்புக் கோடுகளின் உச்சியில் வட்டம் வட்டமாகத் தலைகள் போட ஆரம்பித்தான். மொட்டைத் தலைகளை அபிநயா போட்டாள்.

வெள்ளிக்கிழமை மாலை கிரிவலப் பாதை நிரம்பத் தொடங்கியது. அம்மா சுண்டல் அண்டாவை இறக்கிவைத்தார். வல்லரசு தயங்கித் தயங்கிக் கையை நீட்டினான். அபிநயா அவனுடைய இரண்டு விரல்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"பயப்படாத. இந்த வாட்டி உன்ன விட மாட்டேன்" என்றாள்.

"சரிங்க மேடம்" என்றான் வல்லரசு.